பாயாசம் வருகிற வரைக்கும் வாக்கெடுப்பு இல்லை

முதலில் உங்களைப் பாராட்டிவிடுகிறேன். பிறகு திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

நீங்கள் எல்லோரும் எங்களைவிட நன்றாக உடுத்துகிறீர்கள். பாரிஸ் புறநகர்களான சார்செல்லிலிருந்தும் லா கூர்னெவிலிருந்தும் நெரிசலில் நசுங்கி ரயிலில் வந்து, கசங்காத சட்டையோடு மாநாட்டு அறைக்குள் நுழைகிற வித்தை எங்கள் காலத்தில் யாருக்கும் கைவரவில்லை. பட்டங்களும் மொழிகளும் உங்களிடம் ஏராளம். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறீர்கள், அது போகட்டும். தூதுக்குழுக்களிலும் சர்வதேசச் சபையின் செயலகத்திலும் நம் பிள்ளைகள் இத்தனை பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "மதாம், வாக்கெடுப்பு அன்றைக்கு நமக்கு என்ன வேலை? கையைத் தூக்குவது மட்டும்தானே?" என்று கேட்கிற வரைக்கும் அந்தப் பெருமை நீடித்தது.

கேட்டவர் யார் என்று சொல்ல மாட்டேன். அவர் இதைப் படித்துவிட்டுத் தானாகவே வெட்கப்படட்டும்.

நான் புதுச்சேரிக்காரி. எண்பதுகளில், இந்துமாக்கடலில் இருக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டின் தூதுக்குழுவில், பாரிஸில், உள்ளூர் ஊழியராக வேலை பார்த்தேன். தூதுக்குழு என்றதும் பெரிய மாளிகை, சலவைக்கல் படிக்கட்டு என்று கற்பனை செய்யாதீர்கள். தூதர் ஒருவர், தட்டச்சு செய்யும் மர்த்தின், மூன்றாவதாக நான். சபைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு எடுத்த ஒரு தளம், ஒரு தொலைபேசி, ஒரு கொடி. கொடியைச் சலவைக்குப் போட்ட நாட்களில் நாங்கள் எந்த நாடு என்று வாசலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கொடுத்தபோது பழைய எசமான் நாடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு குட்டித்தீவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. வீட்டை விற்றவன் மாடியறைச் சாவியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போன மாதிரி. அங்கே அவர்களுக்கு ராணுவ விமானம் இறங்க ஓர் ஓடுதளம் வேண்டியிருந்தது. தென்னந்தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பெரிய தீவின் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். எசமான் நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். எனக்கு மாதாமாதம் ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அது அப்படியே வரட்டும்.

அப்படி இறக்கிவிடப்பட்டவர்களில் ஒருவர் முசியே முனியேன். முப்பாட்டன் முனியனாகத்தான் கடல் கடந்து போனார். அங்கே பிரெஞ்சுக்காரன் நாக்கில் முனியேன் ஆகிவிட்டார். இவருக்குத் தமிழ் தெரியாது, தீவின் கலப்பு மொழியான கிரியோலும் பிரெஞ்சும்தான். அவருடைய மனைவி அந்தக் குட்டித்தீவில் காய்ச்சலில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டாள். அடுத்த வருடமே இவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் ஒரு படகைக்கூட நெருங்க விடவில்லை. அந்தக் குழியைப் போய்ப் பார்த்து ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சபைக்கு முன்னால் இதைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று, ஊரார் சேர்ந்து அனுப்பிவைக்க, பாரிஸ் குளிரில் ஒரு பொருந்தாத கோட்டோடு வந்து இறங்கினார்.

அந்த இலையுதிர் காலத்தில் சபையின் குழு ஒன்றின் முன்னால் எங்கள் தீர்மான வரைவு இருந்தது. அதில் இரண்டு பத்திகள். குட்டித்தீவு எங்களுக்குச் சொந்தம், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பது முதல் பத்தி. துரத்தப்பட்டவர்கள் தங்கள் கல்லறைகளுக்குப் போய்வர வழிவிடுங்கள் என்பது இரண்டாவது. முனியேனைப் பேசவிட வேண்டும் என்று கேட்டோம். தனிமனிதர்கள் இந்தக் குழுவில் பேச விதியில்லை என்று எசமான் நாட்டுப் பிரதிநிதி மிக மிருதுவாகச் சொன்னார். தலைவர் தலையாட்டினார், முடிந்தது. முனியேன் பார்வையாளர் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பிரதிநிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, மடிப்புக் கலையாமல். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கைக்குட்டைக்காரர் என்று பெயர். நல்ல மனிதர். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், மர்த்தினின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். கத்துகிறவனைச் சமாளிப்பது சுலபம். இவரைச் சமாளிக்கத்தான் எங்களுக்கு நாக்குத் தள்ளியது.

விதிப்புத்தகத்தில் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று வாக்குகள்தான் இருக்கும். நாலாவது ஒன்று உண்டு, அதற்குப் பெயர் காப்பி. இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ள முடியாத நாடு, வாக்கெடுப்பு மணி அடிக்கிறபோது தாழ்வாரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும். அடடா, தெரியாமல் போய்விட்டதே என்று பிறகு இருவரிடமும் வருத்தம் தெரிவிக்கும். எந்த நாடு எப்போது காப்பிக்குப் போகும் என்று தெரிந்துவைப்பதுதான் எங்கள் தூதர் எனக்குக் கொடுத்த வேலை.

தூதர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூட்டங்களில் கண்ணைப் பாதி மூடியே உட்கார்ந்திருப்பார். தூங்குகிற மாதிரி நடிக்கிறார், பெரிய தந்திரசாலி என்று மற்ற நாட்டுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். பாதி நாள் நிஜமாகவே தூங்குவார், அது எனக்கும் மர்த்தினுக்கும் மட்டும் தெரியும். ஆனால் வேலையில் சேர்ந்த புதிதில் அவர் சொன்ன ஒன்றை இன்றுவரை நான் மறக்கவில்லை.

"கையைப் பிடித்துக் குலுக்கி, எங்கள் வாக்கு உங்களுக்குத்தான் என்று சிரிக்கிறார்களே, அவர்களோடு நேரத்தை வீணாக்காதே. கஷ்டம் என்று முகத்தைச் சுளிக்கிறவர் பக்கத்தில் போய் உட்கார். அவர் ஒருவர்தான் உன் தாளைப் படித்திருக்கிறார்."

அந்த வருடம் முகத்தைச் சுளித்தவர், கடலே இல்லாத ஒரு மலை நாட்டின் பிரதிநிதியான அம்மாள். எப்போது பார்த்தாலும் "கஷ்டம், மதாம், கஷ்டம்" என்பார். தீவு விவகாரத்தில் வாக்களிக்கக் கடல் பார்த்திருக்க வேண்டும் என்று விதியில்லை. அவர் சாய்ந்தால் அவருக்குப் பின்னால் இன்னும் சில நாடுகள் சாயும். அதனால் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்த நேரத்துக்குக் கணக்கே இல்லை.

இனி விருந்துக்கு வருகிறேன்.

வாக்கெடுப்பு பிற்பகல் நான்கு மணிக்கு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். எங்கள் ஆதரவாளர்களில் பாதிப் பேர் நான்கு மணிக்குத்தான் ஓட்டல்களிலிருந்து வருவார்கள். மீதிப் பேரை, கூடவே சில கஷ்டக்காரர்களையும், மத்தியானம் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, கையோடு அழைத்து வந்துவிட்டால் ஒருவரும் காப்பிக்கு நழுவ முடியாது என்பது எங்கள் திட்டம். எங்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். திட்டம் என்னுடையது.

இடம், பாரிஸின் லா ஷப்பேல் பேட்டையில் சூசையின் கடை. சூசை மன்னார்க்காரர். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் ஒரு நீள அறை, ஜன்னலுக்குக் கீழே வடக்கு நிலையத்துத் தண்டவாளங்கள். அப்போதுதான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அந்தத் தெருவில் ஒவ்வொரு கடையாகத் திறந்துகொண்டிருந்தார்கள். சூசையின் நண்டுக்கறியை நான் அரசியல் காரணத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். ராஜதந்திரத்துக்கு நண்டைவிட உகந்த பதார்த்தம் இல்லை. இரண்டு கையும் வேலையில் இருக்கும், கடிகாரத்தைப் பார்க்க முடியாது, தாளைப் புரட்ட முடியாது, பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

அழைப்பிதழில்தான் நான் புதுச்சேரிக்காரி என்பது தெரிந்துவிட்டது. ஒரே தாழ்வாரத்தில் வேலை பார்க்கிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஒருவரை விட்டால் அது அவமானப்படுத்துகிற மாதிரி என்று சொல்லித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். மர்த்தினை விட்டு அழகாக அட்டையில் அச்சடிக்கச் சொன்னேன். கடை விலாசம், மெத்ரோ நிலையம், கடையின் தொலைபேசி எண் எல்லாம் போட்டேன். பிறகு தாழ்வாரத்தில் ஒருவர் விடாமல் கையிலே கொடுத்தேன். கைக்குட்டைக்காரருக்கும் கொடுத்தேன். அவர் அட்டையை இரண்டு முறை படித்துப் பார்த்து, வர முடியாததற்கு மனப்பூர்வமாக வருந்தினார். அவ்வளவு ஆழ்ந்து வருந்துகிறாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

அன்று காலை குழுவின் முன்னால் இருந்தது, பழைய சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காப்பது பற்றிய அறிக்கை. விருந்தாளிகள் ஒவ்வொருவராக நழுவி, பன்னிரண்டரைக்கெல்லாம் சூசையின் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். முனியேனையும் அழைத்துவந்து மேசைக்கோடியில் உட்காரவைத்திருந்தேன். தூதர் மட்டும் சபையில் இருந்தார். பூச்சி அறிக்கையின்போது தூங்க நல்ல வாய்ப்பு என்று சொன்னார்.

நண்டு பாதி உடைந்திருந்தது. கஷ்டம் அம்மாளே கையால் சாப்பிட ஆரம்பித்திருந்தார். அப்போது முன்பக்கத்திலிருந்து சூசை கூப்பிட்டார்.

"அக்கா, உங்களுக்குப் போன். ஆரோ ஒரு பொம்பிளை பிரெஞ்சிலை கத்துறா."

மர்த்தின்தான். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். சுவடி அறிக்கை சீக்கிரம் முடிந்துவிட்டது. நேரம் மிச்சமிருக்கிறதே, அடுத்த விஷயத்தை இப்போதே எடுத்துக்கொள்ளலாமே என்று கைக்குட்டைக்காரர் முன்மொழிந்தார். தலைவரும் சரி என்றார். அடுத்த விஷயம் எங்களுடையது. உடனே, இந்த விவகாரத்தைக் காலவரையின்றி ஒத்திவைக்க வேண்டும் என்று கைக்குட்டைக்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்துவிட்டார். "எல்லோரையும் இப்போதே கூட்டிக்கொண்டு வாருங்கள்! தூதர் தனியாக இருக்கிறார்!"

ஒத்திவைத்தால் கல்லறைப் பத்தியும் சேர்ந்து செத்துவிடும். இந்தச் சபை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் கூடும். அடுத்த முறை முனியேன் இருப்பாரோ இல்லையோ. உள்ளே ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். பெரிய மனிதர்கள் எல்லோரும் கை கழுவக் கிளம்பினார்கள். ஒரே ஒரு குழாய்தான், அதன் முன்னால் ராஜதந்திர முறைப்படி வரிசை நின்றது. கோட்டுகள் மாறிப்போயின. தெருவில் ஒரு டாக்சியும் கண்ணில் படவில்லை.

அப்போது கடை வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி, "திரும்பிப் போக வண்டி தேவைப்படும் பிரதிநிதிகளுக்காக அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். யார் அனுப்பியது என்று கேட்டேன். சொன்னார். கைக்குட்டைக்காரர்.

சின்னவர்களே, உங்கள் வேலையில் இந்த மாதிரி ஒரு நிமிடம் ஒருநாள் வரும். பின்னால் எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு, போகலாமா போகலாமா என்பார்கள். உங்களுக்கு மட்டும் ஏதோ நெருடும். அந்த நெருடலுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.

என்னைத் தோற்கடிக்கத் துடிக்கிறவர் என் ஆட்களை அழைத்துப்போக எதற்கு வண்டி அனுப்புகிறார்? அட்டையில் விலாசம் கொடுத்தது நான்தான், அதனால் வழி தெரிந்தது. ஆனால் நோக்கம்? திரும்பவும் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தேன். மர்த்தின் அப்போதுதான் சபைக் கூட்ட அறையிலிருந்து திரும்பி ஓடி வந்திருந்தாள்.

"தூதர் என்ன செய்தார்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்யவில்லை. எழுந்து, இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், நாலைந்து பேர் குறைகிறார்களாம். தாழ்வாரம் பூராவும் மணி அடிக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு மணிக்குச் சாப்பிட எழுந்துவிடுவார்கள், அவர்கள் இல்லாமல் கூட்டம் நடக்காது, அதற்குள் ஆள் சேர்க்க வேண்டுமாம்."

விளங்கிவிட்டது. உறுப்பு நாடுகளில் பாதிக்கு மேல் அறையில் இருந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும். நம் சங்கக் கூட்டங்களில் கோரம் என்போமே, அதுதான். யாரும் கேட்காத வரைக்கும் யாரும் எண்ண மாட்டார்கள். கணக்கு வாத்தியார் கேட்டுவிட்டார். இப்போது கைக்குட்டைக்காரருக்கு ஆள் போதவில்லை, நாலைந்து நாற்காலி குறைகிறது. என் விருந்தாளிகள் ஒரு காரளவு போனாலும் கோரம் நிறைந்துவிடும். ஆனால் எங்கள் பாதி ஆட்கள் நான்கு மணி வரைக்கும் ஓட்டலில். கோரத்தை நிரப்பிக்கொடுத்து, வாக்கில் தோற்றுவிட்டு வருவோம். எங்களைத் தோற்கடிக்க அவருக்கு எங்கள் ஆட்களே தேவைப்பட்டார்கள்.

ஆக, அன்றைக்கு அந்தத் தீவுக்காக நான் செய்ய வேண்டியிருந்தது, இவர்களை இரண்டு மணி வரைக்கும் சாப்பிட வைப்பது.

இதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லவும் முடியாது. கோரத்தைக் கெடுக்க உதவினார் என்று பெயர் வந்தால் அவர்கள் தலைநகரத்திலிருந்து கேள்வி வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது என்றால் எந்த நாட்டு வெளியுறவு அமைச்சகமும் மன்னிக்கும். நான் அடுப்படிக்குப் போனேன்.

"சூசை அண்ணே, பாயாசம் ரெடியா?"

"சவ்வரிசி இன்னும் வேகேல்லை, அக்கா. பத்து நிமிசம்."

"அவங்க கெளம்புறாங்க."

சூசையின் முகம் மாறிவிட்டது. அது நடிப்பு இல்லை. நான் எதையும் அவருக்கு விளக்கவும் இல்லை. அகப்பையோடு வாசலுக்குப் போய், பாதைக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"என்ன, எழும்பிப் போகினமோ? பாயாசம் குடியாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் போறதுக்கு இது என்ன செத்த வீடோ? இருக்கச் சொல்லுங்கோ அக்கா! என்ரை கடையிலை சாப்பிட்டவை இப்பிடிப் போனால் நாளைக்கு இஞ்சை ஆர் வருவினம்?"

நான் பிரெஞ்சில் மொழிபெயர்த்தேன். சுருக்காமல், கூட்டாமல், அப்படியே. எங்கள் ஊரில் விருந்து முடியும் முன் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது சாவு வீட்டில் மட்டும்தான், இவர் மனது புண்பட்டிருக்கிறது என்றேன். ராஜதந்திரிகள் எதற்கும் அஞ்ச மாட்டார்கள், ஒரு நாட்டின் பழக்கத்தை அவமதித்துவிட்டார் என்கிற பேச்சுக்கு மட்டும் அஞ்சுவார்கள். முதலில் ஒருவர் கோட்டைக் கழற்றினார். ஆனாலும் கஷ்டம் அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றுகொண்டேதான் இருந்தார். வெளியில் கறுப்புக் கார் உறுமியபடி காத்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மாளை உட்காரவைத்தவர் சூசையும் இல்லை, நானும் இல்லை.

அடுப்படியிலிருந்து ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனை வந்தது. அதுவரை வாயே திறக்காத முனியேன் தலையை நிமிர்த்தினார்.

"இது எங்கள் தீவில் செய்வோம்" என்றார். "பால் கிடையாது, தேங்காய்தான் உண்டு. என் மனைவி செய்வாள். இதே வாசனை."

அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். "எந்தத் தீவு?"

அத்தனை நாள் அந்தத் தீவைப் பற்றித்தான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வரைபடம் காட்டினேன், ஒப்பந்தத்தின் நகல் காட்டினேன். மேசைக்கோடியில் இருக்கிற மனிதர் அங்கிருந்து வந்தவர் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

முனியேன் பேச ஆரம்பித்தார். மைக் இல்லை, நேரக்கட்டுப்பாட்டு விளக்கு இல்லை, விதியை நினைவூட்ட ஒருவரும் இல்லை. தோப்பில் தேங்காய் உடைக்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை மீன், மழை வந்தால் கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற தொட்டி. கப்பல் வந்த நாள். ஆளுக்கு ஒரு பெட்டி என்றார்கள். நாய்களை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், அவை கரையோரமாகக் கப்பலோடு ஓடி வந்தன. இதையெல்லாம் அவர் அழுது சொல்லவில்லை. ஊர் வழி சொல்கிற மாதிரி சொன்னார். சூசை அகப்பையோடு கதவில் சாய்ந்து நின்றார். முனியேனின் கிரியோல் கலந்த பிரெஞ்சில் அவருக்கு ஒரு சொல் புரியாது. கப்பலில் ஒரு பெட்டியோடு ஏறிய கதையைப் புரிந்துகொள்ள அவருக்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. என் கண் கலங்கிவிட்டது. அட்டையால் விசிறிக்கொண்டு மிளகாய்க் காரம் என்று சமாளித்தேன்.

பாயாசம் வந்தது. இரண்டாவது முறையும் வந்தது. ஓட்டுநருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு முன்கடையில் உட்கார்ந்து குடித்தார். மணி இரண்டைத் தாண்டியது. சபையில் மொழிபெயர்ப்பாளர்கள் எழுந்தார்கள், கூட்டம் கலைந்தது, எங்கள் விஷயம் பழையபடி நான்கு மணிக்குப் போனது.

நாங்கள் மெத்ரோவில் கூட்டமாகத் திரும்பினோம். தாழ்வாரத்தில் கைக்குட்டைக்காரர் எதிர்ப்பட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சாப்பாடு நன்றாக இருந்திருக்கும் போலிருக்கிறதே" என்றார்.

"வண்டிக்கு நன்றி. உங்கள் ஓட்டுநருக்குப் பாயாசம் ரொம்பப் பிடித்தது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

நான்கு மணிக்கு ஒத்திவைப்புத் தீர்மானம் தோற்றது. அதிக வித்தியாசத்தில் இல்லை. அதை எதிர்த்துக் கஷ்டம் அம்மாள் நேராகக் கையைத் தூக்கினார், அவருக்குப் பின்னால் சில கைகள் எழுந்தன. ஒருவர் மட்டும் காப்பிக்குப் போயிருந்தார். இரண்டு கிண்ணம் பாயாசம் குடித்தவர்தான், அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று மாலையே கைக்குட்டைக்காரர் ஒரு பேரத்தோடு வந்தார். சொந்தம் கொண்டாடும் முதல் பத்தியை இந்த முறை எடுத்துவிடுங்கள். கல்லறைப் பத்தியை நாங்கள் எதிர்க்க மாட்டோம், கப்பலும் நாங்களே தருகிறோம். முதல் பத்தியை விடாமல் பிடித்தால் அதில் ஜெயிக்கலாம், ஆனால் ஒரு கப்பலும் கிளம்பாது. தாளில் வெற்றி, கடலில் ஒன்றுமில்லை. தூதர் தலைநகரத்துக்குத் தந்தி அடிக்குமுன் ஒரு காரியம் செய்தார். அதை நான் வேறு எந்தத் தூதரும் செய்து பார்த்ததில்லை. நேராகப் போய் முனியேனின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

முனியேன் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "சரி. முதலில் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

பத்தி எடுக்கப்பட்டது. மறுநாள் மீதி ஒருமனதாக நிறைவேறியது. தூதர் என்னை அழைத்து ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றிக் கொடுத்தார். நானும் மர்த்தினும் கொடியைத் துவைத்து இஸ்திரி போட்டோம். முனியேன் சொன்ன 'முதலில்' என்ற வார்த்தையை எங்களில் ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். ஜெயித்த அன்றைக்குத்தான் இந்தத் தொழிலில் காது மந்தமாகிவிடும்.

அடுத்த சபை கூடியபோது முனியேன் திரும்ப வந்தார், அதே கோட்டில். கப்பல் போய்வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். சூசையின் கடையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரே கூப்பிட்டார். கைக்குட்டைக்காரரையும் அழைக்கச் சொன்னார். இந்த முறை அவர் வருந்தாமல் வந்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு நண்டை உடைத்தார்.

"உங்கள் மாலுமிகள் மரியாதையாக நடந்துகொண்டார்கள்" என்று அவரிடம் முனியேன் ஆரம்பித்தார். "காலையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டார்கள். அவள் குழி எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மரச்சிலுவை, நட்ட கல் எதுவும் இல்லை, எல்லாம் புல். அதனால் எல்லாக் குழிகளையும் சுத்தம் செய்தேன். எல்லாவற்றிலும் விளக்கு வைத்தேன். அவளுக்கும் ஒன்று வந்திருக்கும்."

தூதர் கண்ணை முழுசாகத் திறந்திருந்தார்.

"கரைக்கு வருகிற வழியில் என் வீட்டைப் பார்த்தேன். கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. மழைத்தொட்டியில் தண்ணீர்கூட இருந்தது." அவர் எங்கள் மூவரையும் பார்த்தார். சிரித்த முகம்தான், அதில் கோபம் துளியும் இல்லை. "செத்தவர்களைப் பார்க்க ஒரு மத்தியானச் சாப்பாடு போதுமாக இருந்தது. உயிரோடு இருக்கிறவன் வீட்டுக்குப் போக எத்தனை சாப்பாடு போட வேண்டும்? சொல்லுங்கள், போடுகிறேன்."

கைக்குட்டைக்காரர் கழுத்திலிருந்த கைக்குட்டையை அவிழ்த்து, மெதுவாக மடித்தார். தூதர் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். சூசை பாயாசத்தைக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு ஒருவரும் எழுந்து போக அவசரப்படவில்லை.

எடுத்துவிட்ட அந்தப் பத்தியைத் திரும்ப உள்ளே வைக்க, நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு சபையிலும் முயன்றோம். சில முறை ஒத்திவைத்தார்கள், சில முறை காப்பிக்குப் போனார்கள். முனியேன் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. பெரிய தீவில்தான் புதைத்தார்கள், அவளிடமிருந்து வெகு தூரத்தில்.

உங்களில் இருவர் அதே தூதுக்குழுவில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த இலையுதிர் காலத்தில் முனியேனின் பேத்தி பாரிஸுக்கு வருகிறாள். அவளை நேராகச் சூசையின் கடைக்கு அழைத்துப் போங்கள், இப்போது அவருடைய மருமகன் நடத்துகிறார். தாத்தாவின் கேள்வியையே அவளும் கேட்பாள். பாயாசம் வருகிற வரைக்கும் எழுந்திருக்காமல் கேளுங்கள். கையைத் தூக்குவது மட்டும்தானே என்று அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.